ஒற்றைக் கோடும் ஒரு சொம்புத் தண்ணீரும்

1

ஐப்பசி பிறந்த வாரத்தில் ஒரு காலை, என் மகள் நிலா ஒரு சின்ன வெள்ளை அட்டையைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இங்கே ஜெர்மனியில் மருந்துக்கடையிலேயே இந்த அட்டை கிடைக்கும். மூக்கில் குச்சியை விட்டுத் துழாவி, கரைசலில் கலக்கி, அட்டையில் சொட்டு விட்டால் காய்ச்சலுக்கு என்ன கிருமி காரணம் என்று காட்டும்; கிருமி இருந்தால் இரண்டு கோடு, இல்லையென்றால் ஒன்று.

"ஒரு கோடுதான் வந்திருக்கும்மா. ஒண்ணும் இல்ல. நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள், பாதித் தமிழிலும் பாதி ஜெர்மனிலும். தொட்டுப் பார்த்தேன். உடம்பு அனலாய்க் கொதித்தது.

அடுப்பில் சாமைக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த என் அம்மா திரும்பினாள். விசா வாங்கி எங்களைப் பார்க்க வந்திருக்கிறாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்ததும் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்து, பேத்தியின் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கினாள்.

"இத்த நம்பாதடி. இது பொய் சொல்லும்" என்றாள்.

நிலா என்னைப் பார்த்தாள். ஆயாவுக்கு என்ன ஆயிற்று என்று ஜெர்மனில் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும், ஆனால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற பிள்ளையிடம் இரண்டு வரியில் சொல்கிற பதில் இல்லை. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவளைப் படுக்க வைத்தேன்.

ஊரில் இருக்கிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். அதிலும் ஒருவர் கட்டாயம் படிக்க வேண்டும். அவர் பெயரை எழுதமாட்டேன். பெயர் போட்டு எழுதினால் அதையும் ஒரு விளம்பரமாக எண்ணிக்கொள்ளக்கூடிய ஆள் அவர்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்டால், "மருந்து கம்பெனி" என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். மருந்து இல்லை. நான் புரதம் செய்கிறேன்.

டெங்கு வைரஸின் மரபணுவில் ஒரே ஒரு துண்டை வெட்டி எடுத்து, வேறோர் உயிரின் செல்லுக்குள் அனுப்புவோம். அந்தச் செல் தனக்கு இடப்பட்ட வேலை என்று நினைத்துக்கொண்டு வைரஸின் புரதத்தைச் செய்து கொட்டும். வைரஸ் வராது, அதன் மேல்தோல் மட்டும் வரும். மறுசேர்க்கைப் புரதம் என்று பாடப்புத்தகத்தில் பெயர். அதைச் சுத்தம் செய்து அட்டையில் கோடாகப் பூசினால், டெங்கு வந்தவர் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் பொருள் அதில் வந்து ஒட்டும். கோடு சிவக்கும்.

நாங்கள் பயன்படுத்தும் செல் எதனுடையது தெரியுமா? படைப்புழு. நம் பக்கம் மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்று தீர்க்கிறதே, அதே புழுதான். அதன் சினைப்பையிலிருந்து எப்போதோ எடுத்து வளர்த்துவரும் செல்கள். கொசு கொண்டுவந்த நோயைக் காட்டிக்கொடுக்க ஒரு புழுவை வேலை வாங்குகிறேன் என்பதில் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் உண்டு. மற்றவர்கள் குடுவையைக் குலுக்கும் கருவியில் வைத்துவிட்டு காபி குடிக்கப் போவார்கள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். ஆடு, ஆடு, நன்றாக ஆடு என்று மனதுக்குள் சொல்வேன்.

இந்த வேலையில் இரண்டு தொல்லை. ஒன்று, டெங்கு வைரஸுக்குப் பங்காளிகள் அதிகம். ஒன்றுக்கு வந்த எதிர்ப்புப் பொருள் இன்னொன்றின் தோலிலும் போய் ஒட்டும், வேறு காய்ச்சலை டெங்கு என்று காட்டும். அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு, டெங்குவுக்கு மட்டும் உரிய பகுதியைச் செய்கிறோம். இரண்டாவது தொல்லை பெரியது. எதிர்ப்புப் பொருளை உண்டாக்க உடம்புக்குச் சில நாள் ஆகும். காய்ச்சல் வந்த மறுநாள் தேடினால் அது இருக்காது. அந்த நாட்களில் வைரஸின் புரதத்தையே ரத்தத்தில் தேட வேண்டும். எங்கள் புது அட்டை இரண்டையும் தேடும்.

இந்த இரண்டாவது தொல்லையில்தான் என் தங்கை போனாள்.

3

அஞ்சலை என்னைவிடச் சின்னவள். எங்களுடையது மலைமேல் ஊர்; அவள் கீழே சமவெளியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். நான் அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் அவள் காய்ச்சலோடு மலைக்கு வந்து சேர்ந்தாள். மறுநாளே அம்மா அவளை ஜமுனாமரத்தூருக்கு நடத்திப்போய், அங்கிருந்து பஸ் ஏற்றி, அடிவாரத்துக்குக் கீழே ஒரு ஊரில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் அட்டையில் ரத்தம் விட்டார். ஒரு கோடு வந்தது.

"டெங்கு இல்ல, சாதா ஜுரம். மலையில எங்க டெங்கு வருது? போம்மா" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார். திரும்ப வா என்று சொல்லவில்லை.

சில நாளில் உடம்பெல்லாம் சிவப்பாய்த் தடித்தது. எங்கள் ஊரில் உடம்பு சிவந்தால் அதற்கு ஒரே பெயர்தான், அம்மை. டாக்டரே ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, அம்மைதான் என்று ஊரே முடிவு கட்டியது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மை போட்ட வீட்டிலிருந்து ஆளை வெளியே கொண்டுபோகக் கூடாது, மாத்திரை கொடுக்கக் கூடாது. காய்ச்சல் விட்டது. எல்லோருக்கும் நிம்மதி. காய்ச்சல் விட்டால் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவது வழக்கம். அந்தத் தண்ணீரை ஊற்றுவதில் எங்கள் ஊரிலேயே அம்மாவின் கை ராசியான கை. யார் வீட்டில் அம்மை இறங்கினாலும் முதல் சொம்பு ஊற்ற அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். தன் மகளுக்கும் அவளே ஊற்றினாள்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடம்பு குளிர்ந்துபோகும். அன்று சாயங்காலம் அஞ்சலை வயிறு வலிக்கிறது என்று சுருண்டாள். கைகால் சில்லிட்டது. ஜீப் பிடித்து அதே டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் வாசலுக்கு வந்து பார்த்தார். அவ்வளவு பேர் நின்றிருந்த வாசலில் வைத்து அம்மாவைக் கேட்டார்.

"அம்மைன்னு வூட்ல போட்டு வெச்சிருந்தியா? தலைக்கு வேற ஊத்துனியா? நல்லா இருந்த பொண்ண நீயே தண்ணி ஊத்திக் கொன்னுட்டியே!"

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினார். அஞ்சலை வழியிலேயே அடங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து யாரும் அம்மாவைத் தண்ணீர் ஊற்றக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவள் போயிருக்க மாட்டாள். ஒருவரும் குத்திக்காட்டவில்லை, அந்த அளவுக்கு எங்கள் ஊருக்கு நன்றி. ஆனால் அம்மாவுக்கு அடுத்தவர் குத்திக்காட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மேற்படிப்பில் எந்தத் துறை என்று கேட்டபோது நான் யோசிக்கவில்லை. பழிவாங்கவா படித்தாய் என்று யாராவது கேட்டால், ஆமாம். கொசுவைப் பழிவாங்க முடியாது. வைரஸுக்கு வெட்கம் கிடையாது. மனிதனுக்கு இருக்கும் என்று நம்பினேன்.

4

அம்மாவை இங்கே கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் செலவுக்கு நான் பொறுப்பு என்று இங்குள்ள அலுவலகத்தில் உறுதிமொழி, மருத்துவக் காப்பீடு, பிறந்த தேதியே தெரியாதவளுக்குப் பிறந்த தேதிக்கான சான்று. சென்னையில் நேர்காணலில், திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். "ஆட்ட பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்திருக்கறேன். அவ எத்தினி நாளு பாப்பா?" என்று அம்மா திருப்பிக் கேட்டிருக்கிறாள். விசா கிடைத்துவிட்டது.

பொதுவாகப் புலம்பெயர்ந்தவர்கள் ஊரை நினைத்து உருகி எழுதுவார்கள். என்னால் முடியாது. எனக்கு மலை என்றால், நான் பார்க்காவிட்டாலும், அஞ்சலையோடு வளைவுகளில் இறங்கும் அந்த ஜீப்தான். அம்மா பையில் புளியும் சாமையும் கொண்டுவந்து கொட்டியபோது நிலா படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். நான் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

நிலாவோடு அம்மாவுக்குப் பேச்சு ஓடுவதும் கஷ்டம். நிலாவுக்குத் தமிழ் புரியும், வாயில் பாதிதான் வரும். சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் விட்டது. இங்குள்ள டாக்டர் பார்த்து, சாதாரண ஃப்ளூதான், தேறிவிட்டாள் என்றார். தலை கசகசக்கிறது என்று நிலா குளிக்கக் கிளம்பினாள். எனக்கு என்ன தோன்றியதோ, "அம்மா, நீ ஊத்தி வுடேன்" என்றேன்.

"எங் கையி ஆவாதுடி" என்றாள் அம்மா. "ஒனக்கு இருக்கறதே ஒண்ணுதான்." பால்கனிக்குப் போய்க் குளிரில் நின்றுகொண்டாள். சால்வைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"இரு, ரெண்டு நாள் கழிச்சுக் குளி" என்று நிலாவிடம் சொன்னேன். காரணம் கேட்டாள். சொல்லவில்லை. திங்கட்கிழமைக்கு நான் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.

5

அந்த ஏற்பாடு இதுதான். எங்கள் புது அட்டையைத் தமிழ்நாட்டில் சில பரிசோதனைக் கூடங்கள் வாங்கப்போகின்றன. பயன்படுத்துகிறவர்களுக்கு இணைய வழியில் பயிற்சி உண்டு. முடிவில் ஒவ்வொருவரிடமும் வாய்மொழியாகக் கேள்வி கேட்டுத் தேர்ச்சி கொடுக்க வேண்டும். வழக்கமாக ஆங்கிலத்தில் என் சக ஊழியர் கார்லா நடத்துவாள். இந்த முறை கலந்துகொள்கிறவர்கள் பட்டியல் வந்ததும், தமிழில் நானே நடத்துகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பட்டியலில் அந்த டாக்டர் இருந்தார். இப்போது ஆஸ்பத்திரியோடு பெரிய பரிசோதனைக் கூடமும் வைத்திருக்கிறாராம். அந்த வட்டாரம் முழுமைக்கும் எங்கள் அட்டைக்கு ஏஜென்சி எடுக்க ஆசை.

கேள்விகள் நான் அவருக்காகப் புதிதாகச் செய்தவை அல்ல. எல்லோரிடமும் கேட்கிற கேள்விகள்தான், அட்டையோடு வரும் விளக்கத்தாளிலிருந்து எடுத்தவை. தமிழ் விளக்கத்தாளை எழுதியது நான் என்பது வேறு விஷயம். அதில், "காய்ச்சல் விட்டதும் தலைக்கு ஊற்றி வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இதற்கு மருத்துவச் சான்று என்ன, தலைக்கு ஊற்றுவது என்றால் என்ன என்று தரக்கட்டுப்பாட்டில் மடக்கினார்கள். கார்லா, "இதை எடுத்துவிடலாமே, ஒரு வரிதானே" என்றாள். ஒரு வரிதான், அது இல்லாமல் அச்சுக்குப் போகாது என்று நான் பிடித்த பிடியில் நின்றேன். வரி அச்சில் வந்தது.

திங்கட்கிழமை நான் வீட்டிலிருந்தே வேலை. சமையலறை மேசையில் கணினியை வைத்தேன். அம்மாவைத் திரையில் விழாமல் பக்கத்தில் உட்கார வைத்தேன். "யாரோ ஒருத்தர் பேசுவாரு, கேட்டுக்கினு இரு" என்று மட்டும் சொன்னேன். திரையில் கட்டம் கட்டமாக ஊழியர்கள், மருத்துவர்கள், நடுவில் அவர். தலை நரைத்திருந்தது. குரல் மாறவில்லை போலிருக்கிறது. அவர் வணக்கம் சொன்னதுமே அம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"மேடம் எந்த ஊரு?" என்று கேட்டார்.

"ஜமுனாமரத்தூர் பக்கம்."

"அட, நம்ம மலை! ரொம்பப் பெருமையா இருக்கு மேடம். அங்கேர்ந்து இவ்ளோ தூரம்!"

மற்றவர்களை முடித்துவிட்டு அவரிடம் வந்தேன். "ஜுரம் வந்த மறுநாளே ஒரு பொண்ண அவங்க அம்மா இட்டுக்கினு வர்றாங்க. எதிர்ப்புப் பொருள் கோடு வரல. அவங்க அம்மாகிட்ட இன்னா சொல்லுவீங்க?"

"டெங்கு இல்லைன்னு சொல்லக் கூடாது மேடம்" என்றார் சட்டென்று. நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தார். "அன்னிக்கி அந்தக் கோடு வரவே வராது. வைரஸ் புரதம் இருக்குதான்னு பாக்கணும். அதுவும் இல்லைன்னாலும் திரும்ப வரச் சொல்லணும்."

"ஜுரம் வுட்டுட்டா?"

"அப்பத்தான் மேடம் ஆபத்தே. வூட்ல வெச்சிருக்கக் கூடாது." பிறகு தானாகவே சிரித்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் காலத்துல நாங்க எங்க இதெல்லாம் பாத்தோம்? மறுநாளே ஆன்டிபாடி கார்டு போட்டு, ஒரு கோடுதான், ஒண்ணுமில்ல போன்னு அனுப்பிடுவோம். இப்ப டெக்னாலஜி வளந்துடுச்சு."

கட்டங்களில் ஒன்றிரண்டு பேர் கூடவே சிரித்தார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"தலைக்குத் தண்ணி ஊத்தினதாலதான் நோயாளி இறந்தாங்கன்னு ஒருத்தர் சொன்னா, அது சரியா?"

"சேச்சே! மூட நம்பிக்கை மேடம் அது. தண்ணி ஊத்தினா யாராச்சும் செத்துருவாங்களா?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். திரையில் அவள் முகம் தெரிந்தது.

"டாக்டரே, அத்த இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

"யாரு மேடம் இவங்க?"

"எங்க அம்மா" என்றேன். "அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"தண்ணி ஊத்தினா... சாவு வராதும்மா" என்றார் குழப்பமாக.

"எம்பொண்ணு அஞ்சலை. ஒங்கிட்டதான் இட்டாந்தேன். ஒரு கோடுன்னு சொல்லித் தொரத்திட்ட."

"எந்த அஞ்சலைங்க? எவ்ளோ பேர் வர்றாங்க, எனக்கு எப்படி..."

"ஒனக்கு நெனப்பு இல்லாங்காட்டி போவுது. எனக்கு இருக்குது. தண்ணி ஊத்தி நீயே கொன்னுட்டன்னு சொன்ன. ஒன் வாசல்ல, அத்தினி பேரு முன்னால."

யாரும் சிரிக்கவில்லை. கட்டங்களில் இருந்த அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்து, "மேடம், இது ட்ரெய்னிங்..." என்றார். நான் என் நாற்காலியை ஒதுக்கி அம்மாவுக்கு இடம் விட்டேன்.

"நான் கொல்லலைன்னு சொல்லு" என்றாள் அம்மா.

அவர் மேசையைப் பார்த்துக் குனிந்தார்.

"நீங்க கொல்லலம்மா" என்றார்.

"அப்ப யாரு?"

அவருடைய கட்டம் கறுப்பாகிவிட்டது.

6

அவருக்குத் தேர்ச்சி போட்டேன். விடைகள் எல்லாம் சரி. ஃபெயில் ஆக்கியிருந்தால் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், பழையபடி ஒற்றைக் கோட்டைக் காட்டி ஆளை அனுப்பிக்கொண்டிருப்பார். அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. இனி மலையிலிருந்து எந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாலும், அவர் என் அட்டையைப் பிரித்து, என் வரியைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போதெல்லாம் அம்மாவின் முகம் ஞாபகம் வர வேண்டும். அவருக்கு அஞ்சலையை நினைவில்லை, சரி. இனி அம்மாவை மறக்க முடியாது.

அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கலந்துகொண்டவர்களில் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள், யார் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் செய்வதைச் செய்யட்டும்.

அந்தத் திங்கட்கிழமை நான் கணினியை மூடியபோது, இன்னும் பள்ளிக்குப் போக ஆரம்பிக்காத நிலா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"நீ செஞ்சது பழிவாங்குறதுதானே?" என்று ஜெர்மனில் கேட்டாள். "அது தப்புன்னு ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்க."

"ஆமா, பழிதான்" என்றேன். "ஸ்கூல்ல ஒனக்குச் சித்தி ஒருத்தி இருந்தான்னு சொல்லித் தரல இல்ல?"

நிலா ஆயாவின் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா அவள் தலைமுடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது.

"இன்னாடி இது, சிக்கு புடிச்சிக் கெடக்குது" என்றாள். பிறகு என்னிடம், "மஞ்சத்தூளு எந்த டப்பாவுல இருக்குது?" என்று கேட்டாள்.

இங்கே வேப்பிலைக்கு எங்கே போவது? வெயிலுக்குத்தான் எங்கே போவது? குழாயில் வந்த வெந்நீரை வாளியில் பிடித்து மஞ்சள் கலக்கினாள். ஷவர் இருக்கிறதே ஆயா என்று நிலா சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொம்பு கிடையாது, பால் காய்ச்சும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். நிலா குளியல் தொட்டிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள்.

அம்மா பாத்திரத்தைத் தூக்கினாள். தலைக்கு மேலே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டாள். நான் உதவப் போகவில்லை.

"அவரு மூஞ்சி எப்பிடிப் போச்சின்னு சொல்லு" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

"நீயும்தானே பாத்த?"

"எனக்குக் கண்ணு மறைச்சிடுச்சி. சொல்லு."

சொன்னேன். நெற்றியைத் துடைத்தது, பாதியில் நிறுத்தியது, ட்ரெய்னிங் மேடம் என்று கெஞ்சியது, நீங்க கொல்லலம்மா என்றபோது குரல் உள்ளே போனது எல்லாம் சொன்னேன். முதல் பாத்திரத் தண்ணீர் நிலாவின் தலையில் விழுந்தது. அவள் "ஆ, சூடு!" என்று தமிழில் கத்தினாள்.

அம்மா அடுத்த பாத்திரத்தை மொண்டாள். இந்த முறை கை நிற்கவில்லை.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள். "மெதுவா."